ரயில் ஓட்டிய மகாராஜா

குவாலியர் நகரில் ஜெய்விலாஸ் என்று ஓர் அரண்மனை இருக்கிறது. அதன் விருந்து மண்டபத்தில் நீண்ட மேஜை ஒன்று கிடக்கிறது. மேஜையின் மேல் சிறிய தண்டவாளம். அதன் மீது வெள்ளியால் செய்த இஞ்சினும் ஏழு பெட்டிகளும். பெட்டிக்கு ஓர் ஆங்கில எழுத்தாகச் சேர்த்துப் படித்தால் சிந்தியா என்று வரும். அந்த ஊரை ஆண்ட மராட்டிய அரச குடும்பத்தின் பெயர் அது.

விருந்து முடிந்ததும் இந்த வண்டி மதுக்குப்பிகளையும் சுருட்டுகளையும் சுமந்துகொண்டு விருந்தாளிகளின் முன்னால் மெல்ல ஊர்ந்து வரும். ஒருவர் குப்பியைக் கையில் எடுத்தால் வண்டி நின்றுவிடும். திரும்ப வைத்தால் அடுத்தவரிடம் போகும். மின்சாரத்தில் ஓடிய இந்த ரயிலை இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் நகரத்துப் பாசெட்-லோக் கம்பெனி செய்து கொடுத்தது. ஒரு பெரிய விருந்தில் மின்சார இணைப்பு கெட்டு, வண்டி நிற்காமல் ஓடிப் பெரிய மனிதர்களின் உடையெல்லாம் நனைத்துவிட்டதாக ஒரு கதையும் சொல்வார்கள். கதைதான், ஆனால் கேட்கச் சுவையாக இருக்கிறது.

பணம் இருப்பவனுக்கு எதுவும் விளையாட்டுத்தான் என்று நம்மில் சிலர் உதட்டைப் பிதுக்கலாம். அதில் நியாயம் உண்டு. ஆனால் இந்த மேஜை ரயிலுக்கு உடையவரான மகாராஜா மாதவராவ் சிந்தியா, அரண்மனைத் தோட்டத்தில் இன்னொரு ரயிலும் வைத்திருந்தார். அது கரியும் தண்ணீரும் கேட்கும் நிஜமான நீராவி ரயில். அந்தத் தோட்டத்து ரயில் மதில் சுவரைத் தாண்டி வெளியே போய், ஏழை எளியவர்களின் வண்டியாகவே நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதனால்தான் அவர் வாழ்க்கையை இங்கே சொல்லத் தோன்றுகிறது.

தங்கவயல்காரர்களுக்குச் சின்ன ரயில் புதிதல்ல. சுரங்கத்தின் ஆழத்தில் குறுகிய தண்டவாளத்தின் மீது கல் ஏற்றிய டிராலிகளைத் தள்ளிய கைகள் இன்னும் நம் லைன் வீடுகளில் இருக்கின்றன. பங்காருப்பேட்டையிலிருந்து கோலார் வழியாகச் சிக்பள்ளாபூர் பக்கம் போன இரண்டரை அடி அகலப் பாதையில் பயணம் செய்த பெரியவர்களும் இருக்கிறார்கள். குவாலியர் மகாராஜா போட்டது அதைவிடச் சிறிய பாதை: இரண்டே அடி. டார்ஜிலிங் மலை ரயிலுக்கும் அதே அளவுதான்.

மாதவராவ் பிறந்தது 1876 அக்டோபர் 20-ஆம் தேதி. தந்தை ஜெயாஜிராவ் சிந்தியா 1886-இல் காலமானபோது பையனுக்கு வயது 9. சிம்மாசனம் கிடைத்தது; அதிகாரம் கிடைக்கவில்லை. ஆட்சியை ஒரு சபை கவனித்துக்கொள்ள, பையன் ஆங்கில முறைப்படி படித்து வளர்ந்தான். 1894 டிசம்பரில்தான் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. அப்போது வயது 18. அதே 1894-இல்தான் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு ரயில் விட்டார்கள். மைசூர் திவானாக அப்போது இருந்தவர் பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்ரி ஐயர்.

ரயில் ஆசை மாதவராவுக்குத் தந்தை வழிச் சொத்து என்றே சொல்லலாம். ஆக்ராவிலிருந்து குவாலியருக்குப் பெரிய ரயில் வருவதற்காக ஜெயாஜிராவ் பெருந்தொகை கடனாகக் கொடுத்திருந்தார். ஆனால் தந்தை பணம் கொடுத்ததோடு நின்றார். மகன் இஞ்சின் மேலேயே ஏறிவிட்டார்.

1890-களில் அரண்மனை வளாகத்துக்குள் இரண்டடிப் பாதை போட்டு, சிறிய நீராவி இஞ்சினை ஓடவிட்டு, ஓட்டவும் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பித்து பலருக்கு இருந்தது. இங்கிலாந்தில் சர் ஆர்தர் ஹேவுட் என்ற பிரபு 1870-களிலேயே தம் பண்ணைத் தோட்டத்தில் 15 அங்குலப் பாதை போட்டு, இஞ்சினையும் தாமே வடிவமைத்தார். வெகு காலத்துக்குப் பின், 1950-இல் மிக்கி மவுஸ் புகழ் வால்ட் டிஸ்னி தம் வீட்டுத் தோட்டத்தில் ஏழேகால் அங்குலப் பாதையில் கரி இஞ்சின் ஓட்டினார். 1953-இல் வண்டி தடம் புரண்டு, ஊதல் ஒடிந்து, சீறிய நீராவி ஒரு சிறுமியின் காலைச் சுட்டுவிட்டது. அத்தோடு டிஸ்னி அந்த ரயிலை மூடிவிட்டார். நீராவிக்குச் சின்னது பெரியது என்ற பேதம் கிடையாது.

சின்ன இஞ்சினை ஓட்டுவது சுலபம் என்று நினைப்பவர்கள் பாய்லர் பக்கம் போகாதவர்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வரும்வரை நம் சுரங்கங்களும் நீராவியை நம்பித்தான் நடந்தன. ஆகவே அந்தக் காலத்துப் பாட்டன்மார்களுக்கு இந்த வேலை தெரிந்திருக்கும். இஞ்சின் காலையில் புறப்பட வேண்டுமானால் இருட்டோடு நெருப்பு மூட்ட வேண்டும். அதற்கும் முன்னால் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். நெருப்புப் பெட்டியின் மேல் தகடு எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும் என்பதே முதல் சட்டம். தண்ணீர் இறங்கித் தகடு காய்ந்தால் அது பழுக்கும், பழுத்தால் இளகும், அப்புறம் பாய்லர் வெடிக்கும். அதைத் தடுக்கவே தகட்டில் ஈயம் நிரப்பிய ஆணி ஒன்று வைத்திருப்பார்கள். சூடு மீறினால் ஈயம் உருகி, அந்த ஓட்டை வழியாக நீராவி பாய்ந்து எச்சரிக்கும், நெருப்பையும் அடக்கும். பெரிய இஞ்சினில் தண்ணீர் நிறையப் பிடிக்கும். கொஞ்சம் அயர்ந்தாலும் சமாளித்துவிடலாம். சின்ன பாய்லரில் மேடு ஏறும்போது சில நிமிஷங்களில் மட்டம் இறங்கிவிடும். ஓட்டுபவருக்கு ஒரு கண் பாதையில், ஒரு கண் கண்ணாடிக் குழாயில்.

வண்டி நின்ற பிறகும் வேலை ஓயாது. நெருப்பை இறக்கிச் சாம்பலை வார வேண்டும். புகைக் குழாய்களைப் பிரஷ் போட்டுக் குத்த வேண்டும். அச்சுகளுக்கு எண்ணெய் விட வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை பாய்லரை ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, உள்ளே படிந்த உப்பைக் கழுவி எடுக்க வேண்டும். கழுவாவிட்டால் உப்பு ஓடு கட்டும். கரி அதிகம் தின்னும். தகடும் எரிந்து போகும். வளைவு அதிகமுள்ள குறுகிய பாதையில் சக்கரத்தின் விளிம்பும் சீக்கிரம் தேயும். இதையெல்லாம் மகாராஜா கையாலேயே செய்தார் என்று சொல்ல வரவில்லை. கரி வாரவும் சாம்பல் அள்ளவும் ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. நம் பாட்டன்மார்கள் பெயரையும்தான் எழுதவில்லை. ஆனாலும் இஞ்சின் மேல் நின்று ஓட்டிப் பழகிய ஒருவருக்கு ரயிலைப் பற்றி இருக்கும் அறிவு, சலூன் பெட்டியில் சாய்ந்து போகும் அரசர்களுக்கு இருக்க முடியாது.

அந்த அறிவு சீக்கிரமே பயன்பட்டது. குவாலியர் சமஸ்தானம் பரந்தது; வடக்கே சம்பல் ஆற்றுப் பக்கமெல்லாம் பள்ளமும் ஓடையுமான வறண்ட பூமி. பெரிய பாதை போட்டால் செலவு தாங்காது. இரண்டடிப் பாதைக்கு இலேசான தண்டவாளம் போதும். சின்ன பாலம் போதும். மேடு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டும் போகலாம். தோட்டத்தில் ஓடியது காட்டில் ஓடாதா என்ன? 1899-இல் பிண்டு ஊருக்கும் சிவபுரிக்கும் பாதை திறந்தது. மேற்கே போன பாதை 1904-இல் சபல்கட் வரை எட்டியது. 1909-இல் ஷியோபூர் போய்ச் சேர்ந்தது. குவாலியரிலிருந்து ஷியோபூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இரண்டடிப் பாதையில் இவ்வளவு நீளம் என்பது எந்த நாட்டிலும் அபூர்வம்.

அந்தப் பத்து வருஷத்தில் நாட்டை இரண்டு கடும் பஞ்சங்கள் வாட்டின. பஞ்ச காலத்து அரசர் ஒருவர் ரயில் விளையாடினார் என்பது உறுத்தத்தான் செய்யும். வெள்ளி இஞ்சினுக்குப் பதில் சொல்ல முடியாது. எழுதுகிற எனக்கும் அதில் சமாதானம் இல்லை. வெளியே போன பாதை வேறு விஷயம். தானியம் போக வழியில்லாத ஊர்களுக்கு அது வழி செய்தது.

மாதவராவின் மற்ற காரியங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1900-இல் சீனாவில் போர் மூண்டபோது குவாலியர் என்ற பெயரிலேயே ஒரு மருத்துவக் கப்பலைத் தம் செலவில் ஏற்பாடு செய்து கொடுத்து, தாமும் சீனாவுக்குப் போய் வந்தார். 1905-இல் இளவரசராக இந்தியா வந்த ஐந்தாம் ஜார்ஜுக்குக் குவாலியரில் அவர் நடத்திய உபசாரம் பெரிதும் பேசப்பட்டது. தம் மகனுக்கு ஜார்ஜ் ஜிவாஜிராவ் என்றும் மகளுக்கு மேரி கமலா என்றும் பெயர் வைத்தார். வெள்ளைக்காரர்களிடம் இந்த அளவு பணிவு வேண்டியதில்லை என்று இன்று நமக்குத் தோன்றும். ஆனால் ஜாம்ஷெட்பூர் உருக்காலைக்கு முதலீடு தேடித் தாதா கம்பெனியார் அலைந்தபோது, நடைமுறைச் செலவுக்கான 4 லட்சம் பவுன் கடன் பத்திரங்கள் முழுவதையும் வாங்கிக்கொண்டவரும் இதே மாதவராவ்தான். அந்த உருக்காலை பிற்காலத்தில் நாடெங்கும் ரயில் பாதைக்குத் தண்டவாளம் கொடுத்தது.

நம் கோலார் பக்கத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. முத்தேனஹள்ளியில் பிறந்த விஸ்வேஸ்வரய்யா கண்டுபிடித்த தானியங்கி மதகுகள், பூனாவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் 1903-இல் முதலில் பொருத்தப்பட்டன. பிறகு அவை குவாலியரின் திக்ரா அணைக்கும் போயின. திக்ரா அணை 1917 ஆகஸ்டில் உடைந்தது. குறை மதகில் இல்லை. அடியில் இருந்த மணற்பாறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பிறகு அணையைத் திரும்பக் கட்டினார்கள்.

1925 ஜூன் 5-ஆம் தேதி பாரிஸ் நகரில் மாதவராவ் காலமானார். வயது 48. மகன் ஜிவாஜிராவுக்கு அப்போது 9 வயதுகூட நிறையவில்லை. தந்தையைப் போலவே மகனும் சிறு பிள்ளையாகச் சிம்மாசனம் ஏறினார். மாதவராவுக்கு மிகவும் பிடித்த ஊரான சிவபுரியில், தாயாரின் சமாதிக்கு எதிரிலேயே பளிங்கில் அவருக்கும் சமாதி எழுப்பினார்கள்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, 1951-இல் இந்தச் சின்ன ரயில் மத்திய ரயில்வேயில் ஐக்கியமாயிற்று. சிவபுரிப் பாதை பின்னாளில் மூடப்பட்டது. பிண்டு பாதை அகலமாயிற்று. ஷியோபூர் வண்டி மட்டும், நீராவி போய் டீசல் வந்த பின்னும், அதே இரண்டடிப் பாதையில் ஒரு பகல் முழுவதும் ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளே இடமில்லாமல் கூரை மேலெல்லாம் ஜனங்கள். பால் கொண்டு போகிறவர், சந்தைக்குப் போகிறவர், கூலி வேலைக்குப் போகிறவர் எல்லோருக்கும் அதுதான் வண்டி. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடியற்காலையில் வேலைக்குப் போகிற நம்மவர்களுக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தங்கத்துக்காகப் போட்ட பாதை அது. 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு ஊருக்குச் சோறு போடுவதே அந்தப் பாதைதான்.

மகாராஜாவின் பெயரையே தாங்கிய பேரன் மாதவராவ் சிந்தியா 1986 முதல் 1989 வரை மத்திய ரயில்வே அமைச்சராக இருந்தார். 1988-இல் முதல் சதாப்தி விரைவு வண்டி டெல்லியிலிருந்து குவாலியர் வழியாக ஜான்சிக்கு ஓடியது அவர் காலத்தில்தான். பேரன் 2001-இல் விமான விபத்தில் இறந்தார். பாட்டனார் போட்ட ஷியோபூர் பாதையில் 2020-இல் வண்டி நின்றது. அகலப் பாதையாக மாற்றும் வேலை தொடங்கிவிட்டதால் திரும்ப ஓடவில்லை.

ஜெய்விலாஸ் அரண்மனையின் ஒரு பகுதி 1964 முதல் காட்சிசாலையாக இருக்கிறது. டிக்கெட் வாங்கினால் வெள்ளி ரயிலைப் பார்க்கலாம். பெங்களூரிலிருந்து டெல்லி போகும் கர்நாடகா எக்ஸ்பிரஸ் குவாலியரில் நிற்கும்.