கடலை வீட்டுக்குள் கொண்டுவந்த காஸ்!

வீட்டுல கடல்நீர் மீன்தொட்டி வைக்கணும்னு ஆசையா? அப்போ பிலிப் ஹென்றி காஸ் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும்.

1810-ல் இங்கிலாந்தின் வூஸ்டரில் பிறந்தவர். அப்பா ஓவியர். வசதியில்லாததால் 17 வயதிலேயே நியூஃபவுண்ட்லாந்துக்குக் குமாஸ்தா வேலைக்குப் போனார். அங்கேதான் பூச்சிகள் மீது ஆர்வம் வந்தது. பிறகு அது கடல் பக்கம் திரும்பியது.

1853-ல் லண்டன் உயிரியல் பூங்காவில் திறந்த மீன் காட்சியகத்துக்குக் கடல் உயிரினங்களைச் சேகரித்துக் கொடுத்தார். 1854-ல் 'தி அக்வேரியம்' புத்தகம் வந்தது. 'அக்வேரியம்' என்ற வார்த்தை வீடுகளுக்குள் நுழைந்ததே அதுக்கப்புறம்தான். கடலுக்குத் தூரமா இருக்கிறவங்க உப்புகளைக் கலந்து கடல்நீர் தயாரிக்கவும் வழி சொன்னார். முதல்ல பாசி, அப்புறம்தான் உயிர்கள் என்பது அவர் முறை. இன்னிக்கும் புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியா வளர சில வாரங்கள் காத்திருந்துதான் மீன் விடணும்.

ஆனா, புத்தகத்தைப் படிச்ச கூட்டம் கடற்கரைக்குக் கிளம்பிடுச்சு. டெவன் பாறைக்குட்டைகளில் இருந்த கடல் சாமந்திகளை அள்ளிக்கிட்டுப் போனாங்க. தான் நேசித்த குட்டைகள் காலியானதைப் பார்த்து காஸ் வருந்தியதை, அவர் மகன் எட்மண்ட் பின்னாளில் எழுதினார். 1888-ல் காஸ் மறைந்தார்.

அதனால, கடையில் மீன் வாங்கும்போது விலைக்கு முன்னாடி இதைக் கேளுங்க: தொட்டியில் வளர்த்ததா, பவளப்பாறையில் பிடிச்சதா?