இருமுறை நிராகரிக்கப்பட்ட விமானி

முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து சென்று பணியாற்றினார்கள். அவர்களில் வானில் போரிட்டுப் பெயர் பெற்றவர் இந்திரலால் ராய். அவர் வாழ்ந்தது 19 ஆண்டுகள் மட்டுமே.

1898 டிசம்பர் 2 அன்று கல்கத்தாவில் ஒரு வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தார். லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தார். விமானப் படையில் சேர விண்ணப்பித்தபோது, கண் பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. தம் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டார். முந்தைய முடிவு மாறியது. 1917 ஜூலையில் அதிகாரியாகப் பணியில் சேர்ந்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று பிரான்சில் அவருடைய விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்துவிட்டார் என்று எண்ணிப் பிணவறையில் கிடத்தினார்கள் என்றும், நினைவு திரும்பி அவர் கதவைத் தட்டியதைக் கேட்டு ஊழியர்கள் நடுங்கிப்போனார்கள் என்றும் சொல்லப்படுகிறது. இனிப் பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். ஓய்விலிருந்த நாட்களில் விமானங்களைப் படங்களாக வரைந்துகொண்டே, மேலதிகாரிகளிடம் விடாமல் வாதாடி மீண்டும் அனுமதி பெற்றார்.

1918 ஜூனில் 40ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டே வாரங்களில் 10 வான் வெற்றிகள் அவர் கணக்கில் பதிவாயின. மூன்றே நாட்களில், ஜூலை 22 அன்று, பிரான்சின் கார்வின் பகுதிக்கு மேலே நடந்த சண்டையில் அவர் விமானம் தீப்பற்றி விழுந்தது. அவர் இறந்த பிறகு, செப்டம்பரில் டி.எஃப்.சி. எனும் வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பிரான்சின் எஸ்தவெல் ஊரிலுள்ள அவரது கல்லறையில் பிரெஞ்சு மொழியோடு வங்க எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன.

நம் நாட்டை அடிமைப்படுத்திய பேரரசின் போர் அது. வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையைச் சொல்லி நாம் மகிழ வேண்டியதில்லை. அவற்றிலும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள் இருந்தார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவரது விடாமுயற்சியை.

சாமல்பட்டி, ஊத்தங்கரை, ஓசூர் பகுதிகளில் எத்தனையோ பிள்ளைகள் ஆலை வேலைக்கும் காவலர் தேர்வுக்கும் ரயில்வே வேலைக்கும் போகிறார்கள். ஒரு மருத்துவப் பரிசோதனையில், ஒரு நேர்காணலில் தகுதியில்லை என்று சொல்லப்பட்டதுமே வீட்டில் முடங்கிவிடுகிறார்கள். பெற்றோர்களே, அந்த நேரத்தில் உங்கள் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். மறுபரிசோதனைக்கு வழியுண்டா, அடுத்த தேர்வு எப்போது என்று அவனோடு சேர்ந்து விசாரியுங்கள்.