பிள்ளை மனம் ஆற்றிய வைத்தியர் மரியா மொண்டிசோரி

சின்னப் பிள்ளைகளின் பாலர் பாடசாலையை நாம் மொண்டிசோரி என்றே அழைத்துப் பழகிவிட்டோம். அது ஒரு பெண் வைத்தியரின் பெயர் என்பதும், அவரது கல்வி முறை மனம் நொந்த பிள்ளைகளோடு பழகிப் பெற்ற அனுபவத்தில் வளர்ந்தது என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

மரியா மொண்டிசோரி 1870 ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் கற்பது அரிதாயிருந்த காலத்தில், 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் மனநோய் விடுதியொன்றில், ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் வெற்று அறையில் அடைக்கப்பட்டிருக்கக் கண்டார். சாப்பிட்டு முடிந்ததும் அவர்கள் தரையில் சிதறிய ரொட்டித் துகள்களைத் தேடி எடுத்தனர். பராமரிப்பவருக்கு அது அருவருப்பான பழக்கம். அந்த அறையில் தொட்டுப் பார்க்க வேறு எதுவுமே இல்லை என்பதை மொண்டிசோரி கண்டுகொண்டார். பிள்ளையின் நடத்தையைக் குறை சொல்லுமுன், அதற்கு எது கிடைக்கவில்லை என்று பார்ப்பது அவருடைய வழியாயிற்று.

1907 ஜனவரி 6ஆம் திகதி, ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் கட்டடத்தைப் பாழாக்கித் திரிந்த பிள்ளைகள் அவர்கள். அளவான சிறு மேசை, கைக்கு வேலை, தானே தெரிவுசெய்யும் உரிமை ஆகியன கிடைத்ததும், தண்டனையோ பரிசோ இன்றி அமைதியாக வேலையில் ஆழ்ந்தனர்.

மறுவருடம் டிசம்பர் 28ஆம் திகதி மெசினா நகரைப் பூமியதிர்ச்சி அழித்தது. இடிபாடுகளிடையே தனித்துக் கிடந்த ஏறத்தாழ 60 பிள்ளைகள் ரோமிலுள்ள கன்னியர் மடமொன்றில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் பேசவில்லை, உண்ணவைப்பதும் உறங்கவைப்பதும் கடினம், இரவில் அழுதனர். அங்கே பாடத்துக்கு முன்னர் அழகும் ஒழுங்கும் வந்தன: நிறத் திரைச்சீலைகள், பூக்கள், துப்புரவான மேசை. மேசை விரிக்கவும் பரிமாறவும் நளினமாக உண்ணவும் கன்னியர்கள் பொறுமையோடு பழக்கினர். பசியும் உறக்கமும் மெல்லத் திரும்பின. பின் ஓட்டமும் சிரிப்பும் வந்தன.

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் மனக்காயத்தைப் பராமரிக்கத் தனியானதொரு அமைப்பு வேண்டுமென அவர் 1917இலேயே முன்மொழிந்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவரை உலக யுத்தம் இந்தியாவிலேயே தங்கவைத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சியளித்தார். 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தில் காலமானார்.

இந்த வரலாறு எருக்கலம்பிட்டியாருக்குத் தூரத்துக் கதையல்ல. 1990 ஒக்டோபரில் வீடு, வளவு, பாடசாலை எல்லாவற்றையும் விட்டுப் புத்தளம், கற்பிட்டி முகாம்களுக்குப் போன நம் பிள்ளைகளுக்கும் கிடுகுக் கொட்டில்களே வகுப்பறைகளாயின. வாய் திறக்காத பிள்ளையை மந்தமென்றும், கோபங்கொண்ட பிள்ளையை முரடென்றும் சொல்லிவிடுவது எளிது. இழப்பின் கனம் அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

இன்று எந்த நாட்டில் இருந்தாலும், நம் பழைய மாணவிகளிற் பலர் தாய்மார், சிலர் ஆசிரியைகள். அடங்காத பிள்ளையொன்று முன்னால் நிற்கும்போது, பிரம்பையோ பட்டப்பெயரையோ தேடாமல், ஒழுங்கான ஓரிடமும் கைக்கொரு வேலையும் பொறுமையான ஒரு முகமும் கொடுத்துப் பார்க்கலாம். மொண்டிசோரி அம்மையார் மெசினாப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மருந்தும் அதுதான்.