பெயரைச் சொன்ன பாதிரியார்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே பழவேற்காடு இருக்கிறது. இங்கு 1613-இல் டச்சுக் கிழக்கிந்திய கம்பெனி கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலத் துணியை வாங்கித் தென்கிழக்கு ஆசியாவில் நறுமணப் பொருள்களுக்கு மாற்றுவதே அதன் வணிகம். அடிமைகளும் இங்கிருந்து கப்பலேற்றப்பட்டனர்.

அந்தக் கம்பெனியின் சமயப் பணியாளராக 1630-களின் தொடக்கத்தில் வந்தவர் ஆபிரகாம் ரோஜெரியஸ். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்தார். கோட்டையில் அடைக்கலம் பெற்றிருந்த பத்மநாபன் என்ற பிராமணரிடம், இருவருக்கும் பொதுவாயிருந்த போர்த்துகீசிய மொழியில், இந்நாட்டுச் சடங்குகளையும் நம்பிக்கைகளையும் கேட்டறிந்து எழுதினார்.

1649-இல் அவர் இறந்தார். நூல் 1651-இல் லைடன் நகரில் வெளிவந்தது. பர்த்ருஹரியின் பாடல்களும் அதில் டச்சு மொழியில் இடம்பெற்றன. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியது அதுவே முதல்முறை என்பர். ஜெர்மன் மொழியில் 1663-இலும் பிரெஞ்சில் 1670-இலும் நூல் பெயர்க்கப்பட்டது.

நம் சமயத்தைப் பிழையெனக் கருதியவர்தாம் ரோஜெரியஸ்; நூலின் தலைப்பே அதைக் காட்டும். அடிமை வணிகம் செய்த நிறுவனத்தில் ஊதியம் பெற்றவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும், தாம் கற்றது யாரிடம் என்பதை அவர் மறைக்கவில்லை. சோழமண்டலத் துணியை நெய்தவர் பெயர் எந்தத் துணியிலும் இல்லை. பத்மநாபனின் பெயரோ நூலில் இருக்கிறது.

பொருளுக்கு விலை கொடுப்பது வணிகம். அறிவுக்கு உரியவரின் பெயரைச் சொல்வது நேர்மை. தொழிலாளியின் கைத்திறனில் வளரும் தொழிற்பேட்டைகளும், பிறர் உழைப்பில் ஆய்வேடு எழுதும் எம் போன்றோரும் இன்னும் முழுதாகக் கற்காத பாடம் இது.