வெள்ளைத் தங்கம் படைத்த கைதி

நுழையும்முன்

இன்று எல்லா வீடுகளிலும் புழங்கும் பீங்கான் கிண்ணம், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பிய அரண்மனைகளில் தங்கத்திற்கு நிகராக மதிக்கப்பட்டது. வெண்மையும் உறுதியும் ஒளி ஊடுருவும் மென்மையும் ஒருங்கே அமைந்த அக்கலத்தைச் செய்யும் முறை, கிழக்காசிய நாடுகளுக்கு வெளியே எவருக்கும் தெரியாமல் இருந்தது. அம்முறையை ஐரோப்பாவில் கண்டறிந்தவர்களுள் ஒருவர், பொன் செய்வதாகச் சொல்லிச் சிறைப்பட்ட ஓர் இளைஞர். அவருடைய வாழ்க்கையை விளக்குகிறது இவ்வுரைநடைப் பகுதி.

பொன்னாசை விரித்த வலை

யோகான் பிரீட்ரிக் பெட்கர் 1682ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஜெர்மானிய நிலப்பகுதியில் உள்ள ஷ்லைட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். நாணயச் சாலையில் பணியாற்றிய தந்தை, பெட்கரின் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தார். மறுமணம் செய்துகொண்ட தாயுடன் மாக்டெபர்க் நகரில் வளர்ந்த பெட்கர், பின்னர்ப் பெர்லினில் மருந்து செய்து விற்கும் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார்.

மூலிகைகளையும் உப்புகளையும் காய்ச்சி வடித்த அச்சாலையில், அவருடைய மனம் இரசவாதத்தின்பால் சென்றது. தாழ்ந்த உலோகங்களைப் பொன்னாக மாற்றலாம் என்று கற்றோர் பலரும் நம்பிய காலம் அது. 1701இல் பெட்கர் சிலர் முன்னிலையில் வெள்ளி நாணயங்களைப் பொன்னாக்கிக் காட்டினார். கண்டவர் வியந்தனர், அது வெறும் கைத்திறமே என்பதை ஒருவரும் உணரவில்லை. பத்தொன்பது வயது இளைஞரின் புகழ் பிரஷ்ய மன்னரின் செவியை எட்டியது. மன்னர் தம்மைப் பிடித்து அடைத்துவிடுவார் என அஞ்சிய பெட்கர், எல்லை கடந்து சாக்சனி நாட்டிற்குள் புகுந்தார்.

புலிக்கு அஞ்சிச் சிங்கத்தின் குகையில் புகுந்த கதையாயிற்று அது. சாக்சனியை ஆண்டவரும் போலந்தின் மன்னருமான அகஸ்டஸ், போராலும் ஆடம்பரத்தாலும் கருவூலத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார். பொன் செய்ய வல்லவர் எனப்பட்ட இளைஞரை அவர் டிரெஸ்டன் நகருக்குக் கொணர்ந்து காவலில் வைத்தார். 1703இல் ஆஸ்திரியாவுக்குத் தப்பிச் சென்ற பெட்கர் மீண்டும் பிடிபட்டார். தம்மால் செய்ய இயலாத ஒன்றைச் செய்வதாகச் சொன்ன சொல்லே அவருக்கு விலங்காயிற்று. இயலாது என உண்மையைக் கூறினால் உயிர்போகும். இயலும் என்றால் சிறை நீளும். இந்த இக்கட்டிலேயே அவருடைய இளமை கழிந்தது.

அறிஞரின் துணை

அக்காலத்தில் சாக்சனி அவையில் சிர்ன்ஹவுஸ் என்னும் கணித அறிஞர் இருந்தார். பெரிய ஆடிகளாலும் லென்சுகளாலும் கதிரவன் ஒளியைக் குவித்து, உலையைக் காட்டிலும் மிகுந்த வெப்பத்தை உண்டாக்கி, எந்த மண் எவ்வெப்பத்தில் உருகும் என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர் அவர். பீங்கானின் நுட்பத்தைக் கண்டறிவதே அவருடைய நீண்டநாள் கனவு. மன்னரோ கிழக்கத்தியப் பீங்கான்மீது தீராத மோகம் கொண்டவர். அதனை வாங்கப் பெரும்பொருளைச் செலவிட்டவர்.

பெட்கரைக் கண்காணிக்கும் பொறுப்பு சிர்ன்ஹவுஸிடம் வந்தது. வாராத பொன்னுக்காக வீணாகும் திறமையை அவர் மண்ணின்பால் திருப்பினார். பெட்கர் முதலில் விருப்பமின்றியே இப்பணியில் ஈடுபட்டார். 1706இல் சுவீடன் படை சாக்சனிக்குள் நுழைந்தபோது, மன்னர் பெட்கரைக் கோனிக்ஸ்டைன் மலைக்கோட்டையில் ஒளித்துவைத்தார். மறு ஆண்டு டிரெஸ்டன் கோட்டைமதிலின் கீழ் இருந்த ஆய்வுக்கூடத்திற்கு அவர் கொண்டுவரப்பட்டார். சுரங்கத் தொழிலில் தேர்ந்தோர் சிலர் அங்கு அவருக்குத் துணைநின்றனர்.

மண் சொன்ன விடை

ஐரோப்பியர் அதுவரை களிமண்ணுடன் கண்ணாடித்தூளைச் சேர்த்தே பீங்கானைப் போலச்செய்ய முயன்றனர். அக்கலங்கள் பார்வைக்கு ஒத்திருந்தும் உறுதியில் ஒவ்வவில்லை. உயர்வெப்பத்திலும் உருக்குலையாத வெண்களிமண்ணும், அதனுள் உருகி இடைவெளிகளை நிரப்பும் கனிமமும் தக்க அளவில் சேரவேண்டும் என்பதே உண்மையான நுட்பம். ஒன்று கலத்திற்கு உருவம் தருகிறது. மற்றொன்று அதனைக் கண்ணாடிபோல் இறுக்குகிறது.

ஆய்வுக்குழு முதலில் சிவப்புநிறக் கற்கலங்களைச் செய்வதில் வெற்றிகண்டது. அவ்வெற்றியைப் பற்றித் தொழிலாளர் ஒருவர் பின்னாளில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். மன்னர் சூளையைக் காணவந்தபோது, செந்தணலாய்க் கனன்ற தேநீர்க் கூசா ஒன்று வெளியே எடுக்கப்பட்டு, குளிர்ந்த நீரில் இடப்பட்டது. பேரொலி எழுந்தது, கலம் உடைந்தது எனக் கருதினர். எடுத்துப் பார்த்தபோது அது முழுமையாக இருந்தது.

1708 ஜனவரி 15 நாளிட்ட பெட்கரின் ஆய்வுக்குறிப்பு இன்றும் பேசப்படுகிறது. ஏழு கலவைகள் அதில் குறிக்கப்பட்டுள்ளன. முதலாவது களிமண் மட்டும். ஏனையவற்றில் களிமண்ணுடன் அலபாஸ்டர் என்னும் சுண்ணக்கனிமம் வெவ்வேறு விகிதங்களில் சேர்க்கப்பட்டது. மணிக்கணக்கில் சூளையில் வெந்தபின் சில சரிந்தன, சில நிறம்மாறின. இறுதிக் கலவைகளோ வெண்மையாகவும் ஒளி ஊடுருவுவனவாகவும் நிலைத்தன. ஒவ்வொரு தோல்வியையும் எழுதிவைத்து அடுத்த கலவைக்குச் சென்ற அக்குறிப்பில், கைத்திறம் காட்டிய பழைய இளைஞரைக் காணமுடியாது. ஓர் அறிவியலாளரையே காணமுடியும்.

அவ்வாண்டு அக்டோபரில் சிர்ன்ஹவுஸ் மறைந்தார். ஆய்வைத் தொடர்ந்த பெட்கர், மெருகிட்ட வெண்பீங்கானைச் செய்ய இயலும் என 1709 மார்ச் 28 அன்று மன்னருக்கு அறிவித்தார். இக்கண்டுபிடிப்பில் யாருடைய பங்கு மிகுதி என்பது ஆய்வாளரிடையே இன்றும் வாதத்திற்குரியது. மூத்தவரின் அடித்தளமும் இளையவரின் விடாமுயற்சியும் இணைந்தே இது நிறைவேறியது எனக் கொள்வது பொருந்தும்.

கலம் வெளியே, கலைஞர் உள்ளே

1710ஆம் ஆண்டு மன்னரின் ஆணையால் பீங்கான் தொழிற்சாலை நிறுவப்பட்டது. மைசன் நகரின் குன்றின்மீதுள்ள ஆல்பிரெக்ட்ஸ்பர்க் கோட்டை அதற்கு இடமாயிற்று. மறைபொருளைக் காப்பதற்கு அதனினும் ஏற்ற இடமில்லை. மண்கலவையின் நுட்பம் ஒருவருக்கும் மெருகின் நுட்பம் மற்றொருவருக்கும் எனப் பிரித்தே கற்பிக்கப்பட்டன. 1713இல் லைப்சிக் சந்தையில் வெண்பீங்கான் விற்பனைக்கு வந்தது. தாம் படைத்த கலம் ஊர் ஊராகச் சென்றபோதும், அதனைப் படைத்த பெட்கர் கைதியாகவே இருந்தார். 1714இல்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அடைப்பும், சூளைப்புகையும், நச்சு ஆவியும், மதுப்பழக்கமும் அவர் உடலை அரித்திருந்தன. கண்பார்வையும் மங்கியது. 1719 மார்ச் 13 அன்று, முப்பத்தேழாம் வயதில், கடன்சுமையோடு அவர் மறைந்தார். பூட்டிவைத்த மறைபொருளும் நிலைக்கவில்லை. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மைசன் தொழிலாளர் ஒருவர் அதனுடன் வியன்னாவுக்குச் சென்றுவிட்டார். அங்கிருந்து ஐரோப்பாவின் பிற நகரங்களுக்கும் அது பரவியது.

பொன் செய்வதாகச் சொன்ன பெட்கரால் ஒரு குன்றிமணிப் பொன்னும் செய்யமுடியவில்லை. ஆயினும் ஐரோப்பியர் வெள்ளைத் தங்கம் என்றழைத்த பொருளை மண்ணிலிருந்து எடுத்துத் தந்தார். மைசனில் அத்தொழில் முந்நூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் நடைபெறுகிறது.

தெரிந்து தெளிவோம்

1717இல் அகஸ்டஸ் மன்னர், பிரஷ்ய மன்னரிடமிருந்து 151 சீனப் பீங்கான் கலங்களைப் பெற்றுக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகத் தம் படைவீரர் 600 பேரை அளித்தார். அக்கலங்களுள் பெரிய சாடிகள் இன்றும் அவ்வீரர்களின் படைப்பிரிவுப் பெயரால் டிரகூன் சாடிகள் என வழங்கப்படுகின்றன.