பிங் எகிறும்போது போஸை நினைச்சுக்கோங்க

ராத்திரி பத்து மணி. வலங்கைமான்ல உங்க வீட்டு உள்ரூம். மேட்ச்சோட கடைசி வட்டம். திடீர்னு பிங் 40-லிருந்து 400-க்குத் தாவுது. குறி சரியாத்தான் வச்சீங்க, ஆனா செத்தது நீங்க. உடனே நெட் கம்பெனியைத் திட்டுவோம், இல்லன்னா பெரிய பிளானுக்கு மாறுவோம். அதுக்கு முன்னாடி, கம்பியில்லா இணைப்போட 1890-களிலேயே மல்லுக்கட்டின ஒரு வாத்தியாரைத் தெரிஞ்சுக்கோங்க.

ஜெகதீச சந்திர போஸ், 1858 நவம்பர் 30-ல் இன்றைய வங்கதேசத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்க வந்தார். வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த சம்பளம் என்றதும், மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் அரசு இறங்கி வந்து பாக்கியோடு முழுச் சம்பளம் கொடுத்தது. ஆய்வுக்கு அவருக்கு இருந்தது ஒரு குட்டி அறையும், உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவரின் உதவியும்தான்.

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் அலையை அனுப்பி, சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். பட்டாசுக்குப் பேர்போன ஊர்க்காரங்க நீங்க, கூட்டம் எப்படி மிரண்டிருக்கும்னு உங்களுக்கே தெரியும்!

இதெல்லாம் சும்மா வரல. இணைப்பை மூணு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொண்ணாச் சரிபண்ணினார்.

முதல்ல, அனுப்பும் இடம். தீப்பொறியிலிருந்து அலை நாலாபக்கமும் கசிந்து அளவீட்டைக் கெடுத்தது. கருவியை உலோகப் பெட்டிக்குள் அடைத்து, ஒரு குழாய் வழியாக மட்டும் வெளியே விட்டார். உங்க தெருவிலும் இதே கதைதான்: பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் அதே சேனல்ல கத்துது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 1, 6, 11-ல எது காலியோ அதுக்கு மாத்துங்க.

ரெண்டாவது, நடுவழி. அலை எதில் நுழையும், எதில் திரும்பும் என்று கண்ணாடி, கந்தகம், முறுக்கிய சணல், ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் என எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். உங்க வீட்டில் ரவுட்டர் வாசல் பக்கம், நீங்க கடைசி ரூம்ல. நடுவுல கனமான சுவர், இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம்தான், ஆனா சுவர்ல சீக்கிரம் சோர்ந்துடும். ரவுட்டரை நடுக்கூடத்துல உயரமா வையுங்க. முடிஞ்சா லேன் கேபிளே இழுத்துடுங்க.

மூணாவது, வாங்கும் இடம். அந்தக் காலத்து ரிசீவரில் இருந்தது உலோகத் தூள். ஒருமுறை வேலை செய்யும், மறுமுறை செய்யாது. வங்காளத்து ஈரக்காற்றில் இன்னும் மோசம். போஸ் தூளைத் தூக்கிப்போட்டு, சின்ன எஃகுச் சுருள்களை வரிசையாக அடுக்கி, அழுத்தத்தைத் திருகால் கூட்டிக் குறைக்கிற மாதிரி செய்தார். பிறகு கலீனா படிகத்துக்குப் போனார். 1904-ல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நண்பர்கள் வற்புறுத்தியதால்தான் விண்ணப்பித்தார். அதை வைத்துக் காசு பார்க்க நினைக்கவில்லை.

1909-ல் கம்பியில்லாத் தந்திக்கான நோபல் மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் போனது. போஸ் அதற்குள் செடிகளின் துடிப்பை அளக்கப் போய்விட்டார். 1917-ல் தன் பெயரில் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல் காலமானார். அவர் அன்று தொட்ட 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வைஃபை தொட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இன்னைக்கு ராத்திரி பிங் எகிறினா, முதல்ல உங்க ரவுட்டரோட முகவரிக்கே பிங் போட்டுப் பாருங்க, பெரும்பாலும் 192.168.1.1. அதுவே தாவினா கோளாறு வீட்டுக்குள்ள: சேனல், சுவர், இல்லன்னா உங்க போன். அது 2, 3 மில்லிசெகண்டுல நிலையா நின்னா, வீட்டுல யாராவது பெரிய வீடியோ அப்லோடு பண்றாங்களான்னு கேளுங்க. அதுவும் இல்லையா? இப்போ கம்பெனிக்கு போன் போடுங்க. கையில ஆதாரத்தோட பேசலாம்.