கலங்கல் தந்த கைவேலைக்காரர்

அரியர் விழுந்ததும் தலையில கை வச்சு உட்கார்ந்துடறோம். சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோவை ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒன்றை வாங்கினார். ஓட்டுவதோடு விடவில்லை, கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டார்.

1920-ல் பொள்ளாச்சி–பழனி இடையே ஒரே ஒரு பஸ், அதுவே யு.எம்.எஸ். ஆக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார்.

1945-ல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாகக் காரணமானவரும் அவரே. படிப்புக் காலத்தைச் சுருக்கிப் பட்டறையில் கை பழகணும் என்றார், எடுபடவில்லை, விலகினார். 1974-ல் மறைந்தார்.

சரவணம்பட்டியில் லேத் பிடிக்கும் நமக்கு அவர் விட்டுப்போன கேள்வி இதுதான்: சர்டிபிகேட் சரி, வேலை தெரியுமா?